சிவிலில் பேராசிரியராக: பசுமைக் கட்டுமானப் பொருட்கள் ஆராய்ச்சிக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மார்ச் மாதத்தில் தமிழ்நாட்டின் எந்தப் பொறியியல் கல்லூரி கான்கிரீட் லேபுக்குப் போனாலும் காட்சி ஒன்றுதான். இறுதியாண்டு மாணவர்கள் வரிசை கட்டி, பலம் பார்க்க வார்த்த கான்கிரீட் கட்டிகளை, அதாவது கியூப்களை, உடைத்துக்கொண்டிருப்பார்கள். சிமென்ட்டில் 10%, 20%, 30% எடுத்துவிட்டு உமிச் சாம்பலோ, முட்டை ஓட்டுத் தூளோ, கண்ணாடித் தூளோ, மார்பிள் தூளோ கலந்திருப்பார்கள். 28 நாள் பலம் 20%-ல் கொஞ்சம் ஏறும், 30%-ல் இறங்கும். "உகந்த அளவு 20%" என்று ரிப்போர்ட் முடியும். அடுத்த வருடம் தூளின் பெயர் மட்டும் மாறும்.

அந்த ரிப்போர்ட்டை எழுதியவர்களில் ஒன்றிரண்டு பேருக்கு "ஏன் 20%-ல் ஏறியது?" என்ற கேள்வி மண்டைக்குள் நிற்கும். இந்த வழிகாட்டி அவர்களுக்கானது. கேட் தேர்வு, பிஎச்.டி., ஃபெலோஷிப், வேலை என்று எல்லாப் படிகளையும் கீழே சொல்கிறேன். ஆனால் நான் பார்த்தவரை ஆட்கள் தடுக்கி விழுவது தேர்விலோ சம்பளத்திலோ அல்ல, ஆராய்ச்சிக் கேள்வியைத் தேர்ந்தெடுக்கும் இடத்தில்தான். அதனால் அந்தப் பகுதி மற்றவற்றைவிட நீளமாக இருக்கும்.

1. துறையின் கணக்கை முதலில் போட்டுப் பாருங்கள்

"பசுமை" என்ற சொல்லை ஓரமாக வைத்துவிட்டு ஒரு எளிய கணக்கைப் போடுங்கள். சிமென்ட்டின் உயிர் கிளிங்கர். சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் சுமார் 1,450 டிகிரி செல்சியஸில் சுட்டால் கிளிங்கர் கிடைக்கும். சுடும்போது கால்சியம் கார்பனேட் பிரிகிறது. 100 கிலோ கார்பனேட்டில் 56 கிலோ கால்சியம் ஆக்சைடு தங்கும், 44 கிலோ கார்பன்-டை-ஆக்சைடு காற்றில் போகும். கிளிங்கரில் ஏறத்தாழ 65% கால்சியம் ஆக்சைடு. அப்படியானால் ஒரு டன் கிளிங்கருக்கு அரை டன்னுக்குச் சற்று அதிகமான கார்பன்-டை-ஆக்சைடு கல்லிலிருந்தே வந்துவிடுகிறது. எரிபொருள் கணக்கு இதற்கு மேல்.

சூளையைச் சூரிய மின்சாரத்தில் ஓட்டினாலும் கல்லிலிருந்து வருவது நிற்காது. உலகம் வெளியிடும் கார்பன்-டை-ஆக்சைடில் 7 முதல் 8% வரை சிமென்ட்டின் பங்கு என்று சொல்லப்படுவதற்கு முக்கியக் காரணம் இதுதான். எனவே கிளிங்கரைக் குறைப்பதுதான் இத்துறையின் மையப் பிரச்சினை. இதே கணக்கை உங்கள் ஊர்ப் பக்கத்து ஆலையின் சிமென்ட் மூட்டைக்கும் போட்டுப் பாருங்கள். மூட்டையில் 'பிபிசி' என்று அச்சிட்டிருந்தால் அது ஃப்ளை ஆஷ், அதாவது அனல் மின்நிலையச் சாம்பல், கலந்த சிமென்ட். ஐஎஸ் 1489 என்ற இந்தியத் தரநிர்ணயம் அதில் 15 முதல் 35% வரை சாம்பலை அனுமதிக்கிறது. கிளிங்கர் அந்த அளவுக்குக் குறைந்திருக்கும்.

2. பி.இ. படிக்கும்போதே செய்ய வேண்டியவை

கான்கிரீட் டெக்னாலஜி பாடத்தை அரியர் இல்லாமல் முடித்தால் போதும் என்பது பொது மனநிலை. இந்தப் பாதைக்கு அது போதாது. வேதியியலைத் தூசி தட்டி எடுங்கள். சிமென்ட் நீரோடு சேரும்போது என்னென்ன உருவாகின்றன, கால்சியம் ஹைட்ராக்சைடு எங்கிருந்து வருகிறது, சாம்பலில் உள்ள சிலிக்கா அதோடு ஏன் மெதுவாக வினைபுரிகிறது என்பதைத் தாளில் எழுதிக் காட்டத் தெரிய வேண்டும். சாம்பல் கலந்த கான்கிரீட் 28-ஆம் நாளில் பின்தங்கி, 90-ஆம் நாளில் ஏன் எட்டிப் பிடிக்கிறது என்பதற்கு விடை அங்கேதான் இருக்கிறது.

என்பிடெல் என்ற இணையப் பாடத் தளத்தில் ஐஐடி மெட்ராஸின் மனு சந்தானமும் ரவீந்திர கெட்டுவும் நடத்திய கான்கிரீட், கட்டுமானப் பொருட்கள் பாடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. பல கல்லூரி வகுப்புகளைவிட அவை ஆழமானவை. ஐஎஸ் 456 (கான்கிரீட்), ஐஎஸ் 10262 (கலவை வடிவமைப்பு), ஐஎஸ் 383 (ஜல்லி, மணல்) மூன்றையும் பக்கம் பக்கமாகப் படியுங்கள். தேர்வுக்காக டேபிள் பார்ப்பது வேறு, ஒவ்வொரு வரம்பும் ஏன் வந்தது என்று யோசித்துப் படிப்பது வேறு. உதாரணத்துக்கு 2016-ல் வந்த ஐஎஸ் 383, பழைய கான்கிரீட்டை உடைத்து எடுத்த ஜல்லியைக் கம்பி போட்ட கான்கிரீட்டில் எம்25 (28 நாளில் 25 மெகாபாஸ்கல் பலம்) வரைதான், அதுவும் 20% வரைதான் அனுமதிக்கிறது. ஏன் 20? ஏன் எம்25? இந்த ஒரு வரியிலிருந்தே ஒரு முதுநிலைத் திட்டம் பிறக்கலாம்.

3. கேட், முதுநிலை

கேட் பற்றிப் புதிதாகச் சொல்ல அதிகமில்லை. சிவில் தாளுக்கு 3 மணி நேரம், 65 கேள்விகள், 100 மதிப்பெண். மதிப்பெண் அட்டை 3 ஆண்டுகள் செல்லும். மூன்றாம் ஆண்டிலிருந்தே எழுதலாம். பாடத்திட்டத்தில் கட்டுமானப் பொருட்களின் பங்கு மிகச் சிறியது. நீங்கள் நேசிக்கும் துறைக்கும் நீங்கள் எழுதும் தேர்வுக்கும் தொடர்பு குறைவு என்பதை ஏற்றுக்கொண்டு, ஃப்ளூயிட் மெக்கானிக்ஸும் ஜியோடெக்கும் படித்தே ஆக வேண்டும்.

கேட் மூலம் எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிங்தான் கௌரவம் என்று வீட்டில் சொல்வார்கள். கட்டுமானத் தொழில்நுட்பம், பில்டிங் டெக்னாலஜி போன்ற பிரிவுகள் கிடைத்தால் அவற்றை எடுங்கள். ஸ்ட்ரக்சுரல் எடுத்தாலும் தவறில்லை, புராஜெக்ட்டை மட்டும் பொருட்களின் பக்கம் திருப்பிக்கொள்ளுங்கள். ஐஐடி மெட்ராஸில் ஆராய்ச்சி வழியில் எம்.எஸ். படிப்பும் உண்டு. பிஎச்.டி. வரை போவோமா என்று தெரியாதவர்களுக்கு அது நல்ல வெள்ளோட்டம்.

4. கேள்வியைத் தேர்ந்தெடுப்பது

"எந்தப் பொருளை எடுக்கலாம் சார்?" என்றுதான் எல்லோரும் தொடங்குகிறார்கள். பொருளிலிருந்து தொடங்கினால் முட்டை ஓட்டில் போய் நிற்போம். நான்கு சல்லடைகளில் சலித்துப் பாருங்கள்.

முதல் சல்லடை, கிடைக்கும் அளவு. உலகம் ஆண்டுக்கு ஏறத்தாழ 400 கோடி டன் சிமென்ட் உற்பத்தி செய்கிறது. இந்த அளவுக்குப் பக்கத்தில் கொஞ்சமாவது நிற்கக்கூடிய பொருள்தான் உலகக் கணக்கை மாற்றும். ஃப்ளை ஆஷ் நெய்வேலியிலும் மேட்டூரிலும் தூத்துக்குடியிலும் மலைபோல இருக்கிறது, இங்கே அதற்கு இன்னும் பல ஆண்டுகள் உண்டு. பிரிட்டனோ தன் கடைசி நிலக்கரி மின்நிலையத்தை 2024 செப்டம்பரில் மூடிவிட்டது. அங்கே போய் ஃப்ளை ஆஷில் ஆராய்ச்சி செய்கிறேன் என்றால் சாம்பல் எங்கிருந்து வரும் என்று கேட்பார்கள். கசடு, அதாவது இரும்பு உருக்காலை ஸ்லாக், ஏற்கெனவே பெருமளவு பயன்பாட்டில் இருக்கிறது. களிமண்ணும் சுண்ணாம்புக்கல்லும்தான் எங்கும் குறையாத பொருட்கள்.

எல்சி3 என்ற சிமென்ட் இந்த யோசனையில்தான் பிறந்தது. சுவிட்சர்லாந்தின் இபிஎஃப்எல் பல்கலைக்கழகத்தில் கேரன் ஸ்க்ரிவனர், கியூபாவில் ஃபெர்னாண்டோ மார்டிரேனா, இந்தியாவில் ஐஐடிக்கள் என்று மூன்று நாடுகள் சேர்ந்து வளர்த்த ஆராய்ச்சி இது. பொதுவான கலவையில் 50% கிளிங்கர், 30% சுட்ட களிமண், 15% சுண்ணாம்புக்கல் தூள், 5% ஜிப்சம். களிமண்ணைச் சுட 1,450 டிகிரி வேண்டாம், 700 முதல் 850 போதும். பீங்கானுக்குப் போகும் உயர்தரக் கயோலினும் தேவையில்லை, 40% கயோலினைட் (கயோலினின் முக்கியக் கனிமம்) உள்ள சாதாரண மண்ணே வேலை செய்யும்.

இரண்டாவது சல்லடை, நீடித்த உழைப்பு. பலம் மட்டும் பார்த்து முடித்த ஆய்வுக்கு இன்று மதிப்பு குறைவு. கிளிங்கர் குறைந்த கான்கிரீட்டில் துளைகள் நுண்ணியவையாகும், குளோரைடு உள்ளே நுழையத் திணறும். மெரினாவிலிருந்து ராமேஸ்வரம் வரை கடலோரக் கட்டடங்களுக்கு இது வரம். ஆனால் அதே கான்கிரீட்டில் கால்சியம் ஹைட்ராக்சைடு குறைவு என்பதால் காற்றிலுள்ள கார்பன்-டை-ஆக்சைடு வேகமாக உள்ளே இறங்கி, கம்பியைக் காக்கும் காரத்தன்மையைக் குறைத்துவிடும். ஒரு பக்கம் லாபம், இன்னொரு பக்கம் நஷ்டம். எந்த ஊரில், எந்த வெயிலில், எந்த ஈரப்பதத்தில் எது வெல்லும் என்பது இன்னும் திறந்தே கிடக்கும் கேள்வி. சென்னையின் ஈரக் காற்றும் கோவையின் காற்றும் ஒரே விடை தராது. முனைவர் பட்டத்துக்கு ஏற்ற கேள்விகள் இப்படித்தான் இருக்கும்.

மூன்றாவது சல்லடை, முழுக் கணக்கு. ஜியோபாலிமர் கான்கிரீட்டில் சாம்பல் போன்றவற்றைக் காரக் கரைசலால் பிணைக்கிறார்கள், சிமென்ட்டே இல்லை, ஆகவே பசுமை என்று ரிப்போர்ட்டுகள் ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. அதில் ஊற்றும் சோடியம் சிலிகேட்டும் காஸ்டிக் சோடாவும் எவ்வளவு மின்சாரமும் எரிபொருளும் குடித்துவிட்டு வருகின்றன? கொத்தனார் கையுறையில்லாமல் அதைத் தொட முடியுமா? ஜியோபாலிமரை நான் ஒதுக்கச் சொல்லவில்லை. ஆஸ்திரேலியாவில் கர்ட்டின் பல்கலைக்கழகத்தில் விஜய ரங்கன் குழு அடிப்படை வேலைகளைச் செய்தது, அந்நாட்டின் வெல்கேம்ப் விமான நிலையத்தில் பெரிய அளவில் பயன்படுத்தியும் காட்டிவிட்டார்கள். ஆனால் கணக்கு போடாமல் பசுமை என்ற சொல்லைத் தலைப்பில் ஒட்டாதீர்கள். ஒரு கன மீட்டர் கான்கிரீட்டுக்கு, அதுவும் ஒரு மெகாபாஸ்கல் பலத்துக்கு எத்தனை கிலோ கார்பன்-டை-ஆக்சைடு என்று எழுதினால்தான் இரண்டு கலவைகளை ஒப்பிட முடியும்.

நான்காவது சல்லடை, ஏற்கெனவே செய்துவிட்டார்களா என்பது. சோத்கங்கா தளத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் இலவசமாக இருக்கின்றன. உங்கள் தலைப்பின் நான்கு சொற்களைப் போட்டுத் தேடுங்கள். பக்கம் பக்கமாக வந்தால், அந்த வழியில் ஏற்கெனவே கூட்டம் அதிகம் என்று புரிந்துகொள்ளலாம்.

சிமென்ட்டையே விட்டு விலகும் வழியும் உண்டு. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் 1974-ல் தொடங்கிய அஸ்த்ரா குழு, நிலைப்படுத்திய மண் கற்களை ஆய்வகத்திலிருந்து வீடுகளுக்குக் கொண்டுபோனது. ஆரோவில் எர்த் இன்ஸ்டிட்யூட் 1989 முதல் அழுத்திய மண் கல்லில் வேலை செய்துவருகிறது. மண் கட்டுமானத்துக்குத் தேவையான ஆராய்ச்சி ஆட்கள் இன்னும் குறைவு. போட்டி குறைந்த, வேலை நிறைந்த இடம் அது.

5. கைடும் இடமும்

கைடு கிடைப்பது கல்யாணம் மாதிரி என்று ஹாஸ்டலில் சொல்வார்கள். நான் சேர்க்க விரும்புவது, சம்மதிக்கும் முன் விசாரித்துவிடுங்கள் என்பது மட்டுமே. அவரிடம் பட்டம் முடித்த கடைசி சில மாணவர்களிடம் பேசுங்கள். எத்தனை ஆண்டு ஆனது, மெஷினில் நேரம் கிடைத்ததா, கட்டுரையில் யார் பெயர் முதலில் வந்தது, கைடு பேப்பரைப் படித்துத் திருத்துவாரா. ஒரு மாணவர் பதில் சொல்லத் தயங்கினால் அந்தத் தயக்கத்தையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

ஐஐடி, என்ஐடி, அண்ணா பல்கலைக்கழகம் தவிர, தரமணியில் உள்ள மத்திய அரசின் கட்டமைப்புப் பொறியியல் ஆய்வு மையமான சிஎஸ்ஐஆர்-எஸ்இஆர்சியும் நல்ல இடம். பெரிய அளவுச் சோதனைக் கருவிகள் அங்கே உண்டு. ரூர்க்கியில் மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனமான சிபிஆர்ஐ இருக்கிறது.

பணம் பற்றி வெட்கப்படாமல் கேளுங்கள். மத்திய அரசு நிதியில் வரும் இளநிலை ஆராய்ச்சி ஃபெலோஷிப்பான ஜேஆர்எஃப் 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், முதுநிலையான எஸ்ஆர்எஃப் ஆனபின் 42,000. வீட்டு வாடகைப்படி தனி. பிரதமர் ஆராய்ச்சி ஃபெலோஷிப் கிடைத்தவர்களுக்கு 70,000-ல் தொடங்கியது. தனியார் கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டே பகுதிநேரமாகச் செய்பவர்களுக்குப் பெரும்பாலும் எதுவும் கிடையாது, மேற்கொண்டு கட்டணமும் கட்டுவார்கள். பகுதிநேர பிஎச்.டி. கேவலமில்லை. ஆனால் பொருட்கள் ஆராய்ச்சியில் கியூரிங் டேங்க் உங்கள் வகுப்பு அட்டவணையைப் பார்த்துக் காத்திருக்காது. 7-ஆம் நாள் சோதனை 7-ஆம் நாளில்தான் நடக்க வேண்டும்.

யுஜிசியின் 2022 விதிகளின்படி குறைந்தது 3 ஆண்டு, கோர்ஸ் வொர்க் குறைந்தது 12 கிரெடிட். கட்டுரை வெளியிட்டாக வேண்டும் என்ற கட்டாயத்தை அந்த விதிகள் நீக்கிவிட்டன. பல்கலைக்கழகங்கள் தங்கள் விதியில் வைத்திருக்கலாம், சேரும்போதே கேளுங்கள்.

6. லேப்

ஆய்வின் மானம் இங்கேதான் காப்பாற்றப்படுகிறது. சில விஷயங்களை முதல் நாளிலிருந்தே பிடித்துக்கொள்ளுங்கள்.

மொத்த ஆய்வுக்கும் வேண்டிய சிமென்ட்டையும் சாம்பலையும் ஒரே லாட்டில் வாங்கி, காற்றுப் புகாத டிரம்மில் அடைத்து வையுங்கள். ஒரே அனல் மின்நிலையத்தின் சாம்பலே மாதத்துக்கு மாதம் மாறும், ஒரே நாளில் வெவ்வேறு ஹாப்பரிலிருந்து எடுத்தாலும் மாறும். சாம்பலில் எரியாத கரி அதிகமானால், அது கலவையில் சேர்க்கும் காற்றூட்டும் ரசாயனத்தையும் பிளாஸ்டிசைசரையும் உறிஞ்சிக்கொண்டு ஸ்லம்ப்பை, அதாவது கலவையின் இளகுதன்மையை, கெடுக்கும். சாம்பலுக்கான ஐஎஸ் 3812 எரிப்பிழப்பை (சுடும்போது குறையும் எடையை) 5%-க்குள் வைக்கச் சொல்வதன் அர்த்தம் அப்போது புரியும். "ஃப்ளை ஆஷ் பயன்படுத்தினோம்" என்று மட்டும் எழுதாமல், அதன் வேதியியல் கலவை, நுண்மை, எரிப்பிழப்பு மூன்றையும் அளந்து எழுதுங்கள். கருவி உங்கள் கல்லூரியில் இல்லையென்றால் கட்டணம் செலுத்தி வெளியே செய்யலாம்.

கியூரிங் தண்ணீர், அதாவது கியூபை ஊறவைக்கும் தண்ணீர், 27 டிகிரி, கூடக்குறைய 2 என்கிறது நம் தரநிர்ணயம். மே மாதத்தில் ஏசி இல்லாத லேபில் டேங்க்கில் தெர்மாமீட்டர் போட்டுப் பாருங்கள். ஐரோப்பியக் கட்டுரைகள் 20 டிகிரியில் செய்தவை, சாம்பலும் சுட்ட களிமண்ணும் வெப்பத்துக்குத் தகுந்தபடி வேகம் மாறுபவை. எண்களை நேருக்கு நேர் வைத்து "எங்கள் கலவை சிறந்தது" என்று எழுதினால் ரெவ்யூவர் சிரிப்பார்.

150 மி.மீ. கியூபுக்குச் சுமை ஏற்றும் வேகம் நிமிடத்துக்கு ஒரு சதுர மி.மீ.-க்கு 14 நியூட்டன், அதாவது விநாடிக்குச் சுமார் 5.25 கிலோ நியூட்டன். அவசரத்தில் வால்வைத் திறந்துவிட்டால் பலம் கூடுதலாகக் காட்டும். மூன்று கியூபில் ஒன்று சராசரியிலிருந்து 15%-க்கு மேல் விலகினால் அந்த மாதிரியே செல்லாது. விலகிய கியூபை மட்டும் மறந்துவிட்டு இரண்டின் சராசரி எழுதும் பழக்கம் பல லேப்களில் உண்டு. நீங்கள் அதைக் கற்றுக்கொள்ளாதீர்கள்.

பலம் ஏன் கூடியது என்று காட்ட படிகங்களை அடையாளம் காட்டும் எக்ஸ்ஆர்டி, சூடாக்கி எடைக் குறைவை அளக்கும் டிஜிஏ, வெப்ப வெளியீட்டை அளக்கும் கலோரிமீட்டர் மூன்றும் அடிப்படை. எஸ்இஎம் (எலக்ட்ரான் நுண்ணோக்கி) படங்களை நான் கடைசியில் வைப்பேன். பத்தாயிரம் மடங்கு பெரிதாக்கிய ஒரு புள்ளியில் அம்புக்குறி போட்டு, பலம் தரும் பிணைப்புப் பொருளான "சி-எஸ்-எச் ஜெல்" என்று எழுதுவதால் எதுவும் நிரூபணமாவதில்லை. டிஜிஏவில் கால்சியம் ஹைட்ராக்சைடு எத்தனை சதவீதம் குறைந்தது என்ற எண் அதைவிடப் பேசும்.

லேப் உதவியாளரிடம் மரியாதையாக இருங்கள். அண்ணனுக்குத் தெரிந்த மிக்சரின் குணம் எந்த ஜர்னலிலும் இருக்காது.

7. கட்டுரை

சிமென்ட் அண்ட் கான்கிரீட் ரிசர்ச், சிமென்ட் அண்ட் கான்கிரீட் காம்போசிட்ஸ், மெட்டீரியல்ஸ் அண்ட் ஸ்ட்ரக்சர்ஸ் ஆகியவை துறையின் மேல்தட்டு. கன்ஸ்ட்ரக்ஷன் அண்ட் பில்டிங் மெட்டீரியல்ஸில் அதிகம் வெளிவரும். 1927 முதல் வரும் இண்டியன் கான்கிரீட் ஜர்னலையும் ஒதுக்காதீர்கள், நம் களத்துப் பொறியாளர்கள் படிப்பது அதைத்தான்.

இரண்டு வாரத்தில் ஏற்றுக்கொள்கிறோம், பணம் அனுப்புங்கள் என்று வரும் மின்னஞ்சல்களை அழித்துவிடுங்கள். யுஜிசி, ஏற்கத்தக்க ஜர்னல்களுக்கான தன் கேர் பட்டியலை 2025-ல் கைவிட்டுவிட்டது. நல்ல ஜர்னல் எது என்று பிரித்தறியும் பொறுப்பு இப்போது முழுக்க நிறுவனங்கள் மீதும் உங்கள் மீதும். பிறர் எழுத்தோடு ஒப்புமை 10%-ஐத் தாண்டினால் யுஜிசியின் 2018 விதிப்படி நடவடிக்கைக்கு இடமுண்டு.

8. வெளிநாடு

சுருக்கமாகச் சொல்கிறேன். சுவிட்சர்லாந்து, நெதர்லாந்து போன்ற நாடுகளில் பிஎச்.டி. என்பது சம்பளத்தோடு கூடிய வேலை, விளம்பரம் பார்த்து விண்ணப்பிக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி கியூரி முனைவர் திட்டங்களில் விண்ணப்பிப்பவர் தான் பிஎச்.டி. செய்யப்போகும் நாட்டில் கடந்த 36 மாதங்களில் 12 மாதத்துக்கு மேல் வசித்திருக்கக் கூடாது. இந்தியாவிலிருந்து நேரே விண்ணப்பிப்பவர்களுக்கு இது சாதகம். பேராசிரியருக்கு எழுதும் மின்னஞ்சலில் "ரெஸ்பெக்டட் சார்" தொடங்கிக் குடும்பக்கதை வரை வேண்டாம். அவருடைய எந்தக் கட்டுரையின் எந்த முடிவு உங்கள் வேலையோடு எங்கே மோதுகிறது என்று நான்கு வரி, பிறகு உங்கள் சொந்த வரைபடம் ஒன்று. அதுவே போதும்.

9. வேலை

தொழில்நுட்பக் கல்விக் கவுன்சிலான ஏஐசிடிஇயின் விதிப்படி உதவிப் பேராசிரியருக்கு பி.இ., எம்.இ. இரண்டும், அவற்றில் ஒன்றிலாவது முதல் வகுப்பும் போதும். தொடக்க அடிப்படை ஊதியம் 57,700. இணைப் பேராசிரியருக்கு பிஎச்.டி., 8 ஆண்டு அனுபவம், அதில் பட்டத்துக்குப் பின் 2 ஆண்டு, 6 ஆய்வுக் கட்டுரைகள் வேண்டும். அங்கே தொடக்கம் 1,31,400. ஐஐடிகளில் உதவிப் பேராசிரியர் கிரேடு 1-க்கு பட்டத்துக்குப் பின் 3 ஆண்டு அனுபவம் கேட்பார்கள். அதனால்தான் போஸ்ட்டாக் (பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆராய்ச்சிப் பணி) தவிர்க்க முடியாததாகிவிட்டது. அரசுப் பொறியியல் கல்லூரிகளுக்கு ஆசிரியர் தேர்வு வாரியம் தேர்வு நடத்தும், எப்போது என்று எண்ணி வாழ்க்கையைத் திட்டமிடாதீர்கள்.

தாளில் இருக்கும் 57,700 பல தனியார் கல்லூரிகளில் கைக்கு வருவதில்லை என்பது ஊரறிந்த சங்கதி. 2024-ல் ஒரே ஆசிரியரின் பெயர் பல கல்லூரிகளில் காட்டப்பட்டது வெளியாகி அண்ணா பல்கலைக்கழகமே விசாரணைக்கு இறங்கியது. சேரும் முன் மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: சம்பளம் வங்கிக் கணக்கில் வருமா, வாரத்துக்கு எத்தனை மணி நேர வகுப்பு, லேபில் ஆராய்ச்சிக்கு இடம் உண்டா. அசல் சான்றிதழ்களை ஒப்படைக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். கல்லூரிகள் அவற்றை வைத்திருக்கக் கூடாது என்று ஏஐசிடிஇ அறிவுறுத்தியிருக்கிறது.

10. வேலை கிடைத்த பிறகு

முதல் இரண்டு ஆண்டில் நிதிக்கு விண்ணப்பியுங்கள். மத்திய அரசின் ஆராய்ச்சி நிதி அமைப்பாக இருந்த எஸ்இஆர்பியின் இடத்தில் இப்போது ஏஎன்ஆர்எஃப் வந்திருக்கிறது, இளம் ஆசிரியர்களுக்குத் தனித் திட்டம் உண்டு. பக்கத்து ரெடிமிக்ஸ் ஆலைக்கும் பிளாக் தயாரிப்பவருக்கும் சோதனை செய்து கொடுங்கள். அவர்கள் கொண்டுவரும் தலைவலிகளில்தான் அடுத்த ஆராய்ச்சிக் கேள்வி இருக்கும்: எம்-சாண்டில் தூள் அதிகமாகி தண்ணீர் குடிக்கிறது, ஸ்லாக் கலந்தால் மறுநாள் பலகை கழற்ற முடியவில்லை என்பது போல. பாரிஸில் 1947-ல் தொடங்கிய ரைலெம் என்ற சர்வதேசக் கட்டுமானப் பொருள் ஆய்வு அமைப்பின் தொழில்நுட்பக் குழுக்களில் இளையவர்களும் சேரலாம். ஒரே பொருளைப் பல நாட்டு லேப்கள் சோதித்து ஒப்பிடும் வேலைகளில் உங்கள் லேபையும் சேர்த்துவிட்டால், உங்கள் எண்கள் எவ்வளவு நம்பகமானவை என்று ஒரே சுற்றில் தெரிந்துவிடும்.

இந்தியத் தரநிர்ணய அமைவனத்தில் சிமென்ட், கான்கிரீட்டுக்கான குழு சிஇடி 2. அது வரைவுத் தரநிர்ணயங்களைப் பொதுக் கருத்துக்கு வெளியிடும்போது யார் வேண்டுமானாலும் கருத்து எழுதலாம், கல்லூரி ஆசிரியர்கள் எழுதுவது அரிது. எல்சி3-யின் ஆலை அளவுச் சோதனை கியூபாவில் நடந்தது 2013-ல். அதற்கான இந்தியத் தரநிர்ணயம் ஐஎஸ் 18189 வந்தது 2023-ல். இடைப்பட்ட பத்து ஆண்டும் இப்படிப்பட்ட வரைவுகளிலும் சோதனைத் தரவுகளிலும்தான் போயின. உங்கள் லேபில் நம்பகமான 90 நாள், 180 நாள் தரவு இருந்தால், அடுத்த வரைவு வெளியாகும்போது அதை அட்டவணையாக இணைத்து அனுப்புங்கள்.